மெதுவாகப் பேசுகிற வேலை

பொன்மலை ரயில்வே காலனியில் லூர்துவின் வீட்டில் ரகசியம் என்று ஒன்று தங்கியதே கிடையாது. லூர்துவுக்குக் காது கேட்காது. அவர் மகள் வியாகுலம்மாளுக்கோ வீட்டில் பேசுவதற்கு அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. அதனால் அவள் கத்துவாள். "அப்பா, சோத்துக்கு என்ன ஊத்தட்டும்?" என்று கேட்டால், அவர் பதில் சொல்லுமுன் பக்கத்து வீட்டுச் சாரா பீவி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "நேத்து வச்ச கருவாட்டுக் குழம்பு இருக்குன்னியே, அதையே ஊத்தும்மா" என்று விஷயத்தை முடித்துவிடுவாள்.

லூர்து பணிமனையில் பாயிலர் ஷாப் ஆள். ரயில் எஞ்சினின் வயிற்றுக்குள் ஒருவர் உட்கார்ந்து ஆணியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். வெளியே நிற்பவர் சம்மட்டியால் அடிப்பார். உள்ளே உட்கார்ந்தவரின் காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வரும். அந்தக் காலத்தில் உலகத்தில் எந்தப் பாயிலர் ஷாப்பிலும் அதுதான் கதி. வியாகுலத்துக்கு ஆறு வயதாகும்போது அம்மா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். ஏறக்குறைய அதே சமயத்தில் அப்பாவின் காதும் கைவிட்டுவிட்டது.

அம்மா இல்லாத பிள்ளை அழுதால் அப்பாவாவது திரும்பிப் பார்க்க வேண்டும். கேட்காத மனிதர் எங்கே திரும்புவார்? எப்படிக் கத்தினால் திரும்புவார் என்று அந்தச் சின்னப் பெண் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டாள். அடிவயிற்றிலிருந்து, ஒரே மூச்சில், ஓடு அதிரும்படி. அப்படிப் பழகிய குரல் பிறகு சின்னதாகவே இல்லை. நடுக்குரல் என்று ஒன்று அவளிடம் கிடையாது. ஒன்று கத்துவாள், இல்லாவிட்டால் வாயைத் திறக்கவே மாட்டாள்.

சாயங்காலம் சங்கு ஊதி வேலை விட்டு வந்ததும் லூர்து முகம் கை கால் கழுவிக்கொண்டு மகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். "இன்னைக்கு என்ன பாடம்? சொல்லு பாப்பா" என்பார். அவள் பாடத்தைக் கத்த வேண்டும். காதில் கையைக் குவித்துக்கொண்டு, "ஆங்?" என்பார். மறுபடியும் கத்த வேண்டும். பானிப்பட்டுச் சண்டையும் பித்தாகரஸ் தேற்றமும் இப்படி அந்த லைன் வீடுகள் முழுக்க ஒலிபரப்பானதில், சாரா பீவியின் மகன் முகம்மது கனி புத்தகத்தைத் தொடாமலே சரித்திரத்தில் பாஸ் பண்ணினான். "நம்ம பிள்ளைக்கு ட்யூஷன் வாத்தியாரு எதுக்கு, செவுத்துப் பக்கம் பாயைப் போட்டாப் போதும்" என்று சாரா பீவி ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

கேட்பவர்களுக்கு இது வேடிக்கை. வியாகுலத்துக்கு வேடிக்கையாக இல்லை. பாடம் கேட்டால் பரவாயில்லை, கூடவே அவள் வாங்கிய மார்க்கும் கேட்டது. கிழிந்த பாவாடை, பேன் பார்த்தது, வயிற்றுப்போக்கு எல்லாமே லைனுக்குத் தெரிந்தது. கோயிலுக்குப் போனால் அங்கே இன்னொரு வம்பு. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு மரக் கூண்டின் பக்கத்தில் முட்டி போட்டு, "சாமி, நான் சாரா அக்கா வீட்டு முருங்கைக்காயத் திருடினேன்" என்று சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "மெதுவாச் சொல்லு மகளே, சர்வேசுரனுக்கு நல்லாக் காது கேக்கும்" என்றார் ஸ்தனிஸ்லாஸ் சாமியார். அப்பாவின் முறை வந்தபோது நிலைமை தலைகீழ். அவர் பாவத்தை மெல்லத்தான் சொன்னார். பரிகாரத்தைச் சாமியார் கத்த வேண்டியதாயிற்று. லூர்துவுக்கு எத்தனை ஜெபமாலை என்பதைக் கேட்டு, அப்படி என்னதான் செய்திருப்பார் என்று ஊர் ஒரு வாரம் யோசித்தது.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது அவள் பெரியவளான அன்று நடந்தது. வீட்டில் பெண் துணை இல்லை, அப்பாவிடம்தான் சொல்லியாக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "ஆங்?" என்றார். இன்னொரு தடவை சொன்னாள். "ஆங்? என்னம்மா?" கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினாள். சாரா பீவி கையில் கிடைத்த புடவையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். எதிர் வரிசையில் சீட்டாடிக்கொண்டிருந்த பையன்கள் சீட்டைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். வியாகுலம் அன்று முழுவதும் அழுதாள், சத்தமே வராமல். நான் பெரிய ஆளாகி என்ன ஆனாலும் சரி, மெதுவாகப் பேசுகிற ஒரு வேலைக்குத்தான் போவேன் என்று அன்றுதான் முடிவு பண்ணினாள். பிள்ளைகள் டாக்டர் ஆக வேண்டும், கலெக்டர் ஆக வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். அவளுக்கு மெதுவாகப் பேச வேண்டும், அவ்வளவுதான். அது என்ன வேலை என்று மட்டும் தெரியவில்லை.

அதைத் தெரிந்துகொள்ள அவள் ஸ்ரீரங்கம் போக வேண்டியிருந்தது. கன்னியர் மடத்துப் பள்ளியில் அவளோடு படித்த ரங்கநாயகிக்கு வீடு வடக்குச் சித்திரை வீதியில். சித்திரைத் தேர் பார்க்க வாடி என்று கூப்பிட்டிருந்தாள். பஸ் காவிரிப் பாலம் தாண்டும்போதே வியாகுலம், இன்றைக்கு வாயைக் கட்ட வேண்டும் என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டாள். அந்த வீட்டுக்குள் போனால் எல்லோரும் தூங்குகிற குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் பேசினார்கள். ரங்கநாயகியின் அப்பா, "வாம்மா. பெருமாள் அமுது செய்தாயிடுத்து. பிரசாதம் ஸ்வீகரிச்சுட்டுத் தேருக்குப் போங்கோ" என்றார். அதில் பாதி வார்த்தை புரியவில்லை என்றாலும், எவ்வளவு மெதுவாகச் சொல்கிறார் என்று அவள் அதிசயப்பட்டாள். பதிலுக்கு, "சரிங்க!" என்றாள். கொல்லையில் கட்டியிருந்த பசு கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அப்போது உள்ளேயிருந்து வந்தாள் ரங்கநாயகியின் அத்தை கோமளம். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்து, பிறந்த வீட்டில் இருந்தபடியே படித்து, டவுனில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவள். கையில் குடையும் டிபன் டப்பாவுமாகக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அங்கே என்ன வேலைங்க உங்களுக்கு?" என்று வியாகுலம் தன் குரலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்ததுபோல் கேட்டாள்.

"யாராவது போனை எடுத்தா, 'நம்பர் ப்ளீஸ்'னு கேட்டு லைன் கொடுக்கணும். எனக்கு லோக்கல் போர்டு, உள்ளூர்க் கால் மட்டும்தான். காதோட காதாப் பேசணும்டி, கத்தப்படாது. கத்தினா சூப்பர்வைசர் முறைப்பா."

கத்தக் கூடாது என்பதற்குச் சம்பளம்! அன்றைக்குத் தேர் எந்தப் பக்கம் போனது என்று வியாகுலத்துக்கு ஞாபகமில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து, "அப்பா, நான் டெலிபோன் ஆபரேட்டர் ஆகப் போறேன்" என்று கத்தினாள். "ஆங்?" என்றார் லூர்து. "ஆபரேட்டராம், டெலிபோன்ல!" என்று சாரா பீவி அந்தப் பக்கமிருந்து பின்பாட்டுப் பாடினாள்.

அதற்குப் பிறகு அவள் படித்த படிப்பே வேறு. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ண வேண்டும், இங்கிலீஷ் நன்றாக வர வேண்டும் என்று கோமளம் சொன்னதாக ரங்கநாயகி சொன்னாள். இங்கிலீஷைக் கண்டால் ஒதுங்கிப் போன பெண் அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வகுப்பில் எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்து படிப்பாள். அங்கேதான் சத்தமில்லாமல் படிக்க முடியும். மதர் சுப்பீரியர் அவளைக் கூப்பிட்டு, "டீச்சர் டிரெய்னிங் போ வியாகுலம். இந்தக் குரலுக்கு எப்பேர்ப்பட்ட வகுப்பும் அடங்கும். கடவுள் கொடுத்த வரம்" என்றார்கள். "மாட்டேன் மதர்!" என்றாள் அவள். தாழ்வாரத்தில் இருந்த புறாக்கள் பறந்துபோயின.

மெதுவாகப் பேசப் பழக ஓர் இடம் வேண்டுமே. வீட்டில் முடியாது. யோசித்துப் பார்த்து, அவள் கண்டுபிடித்த இடம் பாவசங்கீர்த்தனக் கூண்டு. அதற்குள்தான் எல்லோரும் குசுகுசுவென்று பேசுகிறார்கள், காது கொடுத்துக் கேட்கவும் ஓர் ஆள் இருக்கிறார். வாரம் தவறாமல் போனாள். பாவம்தான் போதவில்லை. முருங்கைக்காய்த் திருட்டையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

"இதைப் போன மாசமே சொல்லிட்டியே மகளே?"

"இப்ப மெதுவாச் சொன்னேனா சாமி?"

வலைத்தட்டிக்கு அப்பால் ஸ்தனிஸ்லாஸ் சாமியாரின் தோள் குலுங்குவது தெரிந்தது. "முன்னைக்கு இப்ப தேவலை. வாசல் வரைக்கும்தான் கேட்டிருக்கும்" என்றார்.

ஒரு வழியாக எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள், இங்கிலீஷில் பள்ளியிலேயே இரண்டாவதாக. வேலைக்கு மனுப் போட்டாள். இன்டர்வியூவுக்கு வரச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. குரலைச் சோதித்துப் பார்ப்பார்கள் என்று கோமளம் எச்சரிக்கை அனுப்பினாள். இதற்கு நடுவில் வந்தது மாதா கோயில் திருவிழா.

சப்பரம் கிளம்புகிற நேரத்துக்குத் தூறல் பிடித்துக்கொண்டது. மைக் செட் பஷீர் அகமது கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார். "சாமி, மிஷினு நனைஞ்சிருச்சு. இனிமே இது பேசாது." ஜெபமாலை சொல்ல வேண்டிய கூட்டமோ தெரு முனை தாண்டி நின்றது. ஸ்தனிஸ்லாஸ் சாமியார் மெல்லத் திரும்பிப் பார்த்தார். யாரைப் பார்த்தார் என்று சொல்லவும் வேண்டுமா? முக்காட்டுக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்த வியாகுலத்தைப் பிடித்துச் சப்பரத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். மழையில் நனைந்துகொண்டே காலனியைச் சுற்றிவந்து அவள் சொன்ன மங்கள வார்த்தை ஜெபம் கடைசி ஆள்வரை கேட்டது. பஷீர் அகமதுவே, "நம்ம ஸ்பீக்கர் குழாயை வித்துடலாம்னு தோணுது" என்றார். மறுநாள் காலையில் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது. குசுகுசுன்னுகூடப் பேசக் கூடாது" என்றார். இன்டர்வியூவும் ஒரு வாரத்தில்தான். வியாகுலத்துக்கு அழுகை வந்தது. அழுதாலும் தொண்டை கெடுமோ என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

வீடு திடீரென்று அடங்கிவிட்டது. சாரா பீவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்று வேளையும் வந்து எட்டிப் பார்த்து, "யா அல்லா, என்ன சமைக்கிறீங்கன்னே தெரியலையே" என்று அலுத்துக்கொண்டாள். அப்பாவும் மகளும் கையாலும் முகத்தாலும் பேசிக்கொண்டார்கள். எழுதிக் காட்டலாம், ஆனால் லூர்து எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும். ஒரு வினோதம், அந்த நாட்களில் லூர்து வாடிப்போய் இருந்தார். வேலை விட்டு வந்து பழக்கப்படி எதிரே வந்து உட்காருவார். பிறகு ஞாபகம் வந்து எழுந்து போய்விடுவார்.

ஒரு மத்தியானம், ஞாயிற்றுக்கிழமை, அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வியாகுலம் எதிரே உட்கார்ந்து பரிமாறிக்கொண்டிருந்தாள். அடக்கி அடக்கி வைத்தது எல்லாம் அவளுக்குத் தொண்டை வரை வந்து நின்றது. சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து அவள் அப்பாவை வைய ஆரம்பித்தாள். "உங்களுக்குக் கத்திக் கத்தியே என் தொண்டை போச்சு. ஊரு பூரா சிரிக்குது. ரசம் வேணுமான்னு கேக்குறதுக்குக்கூட நாலு வீடு எந்திரிக்கணும் இந்த வீட்டுல…"

"ரசம் வேணாம்மா. மோரு ஊத்து" என்றார் லூர்து, இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தபடி.

கரண்டி அவள் கையிலேயே நின்றது. சொல்லிவிட்ட பிறகுதான் லூர்துவுக்கும் உறைத்தது. அவர் அவசரமாகக் குனிந்து சோற்றைப் பிசைந்தார். வியாகுலம் இலையைத் தட்டி அவரை நிமிர வைத்தாள். மறுபடி உதட்டை மட்டும் அசைத்தாள். "நான் பேசுறது உங்களுக்குப் புரியுதா?"

லூர்து அசடு வழிந்தார். மாட்டிக்கொண்டவர் முகம் அப்படித்தான் இருக்கும். "பாயிலர் ஷாப்புல சம்மட்டிச் சத்தத்துக்கு நடுவுல யாரு பேச்சு கேக்கும்? எல்லாரும் வாயைப் பாத்துத்தான் பேசிக்குவோம்" என்றார்.

"எத்தனை வருஷமா?"

"அது… நீ பொறக்கறதுக்கு முன்னாடியே."

ஆட்டுக்கறிக் கடையில் இவர் பேரம் பேசியது, சாரா பீவியோடு சண்டை போட்டது, யூனியன் கூட்டத்தில் கை தூக்கியது எல்லாம் அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தன. அங்கே யாருமே கத்தவில்லை. இவர் அவர்களிடம் 'ஆங்?' என்றதும் இல்லை. தன்னிடம் மட்டும்தான் காதில் கையைக் குவித்திருக்கிறார். பாவாடை கிழிந்ததையும் மார்க் குறைந்ததையும் ஊர் கேட்கக் கத்த வைத்திருக்கிறார். பெரியவளான சேதியையும்கூட.

"எதுக்கு?" என்று உதட்டால் கேட்டாள். லூர்து கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை, ஷிப்டு கிடையாது, இருந்தாலும் போய்விட்டார். அந்த வாரம் மீதி நாளும் அவள் அவரிடம் உதட்டைக்கூட அசைக்கவில்லை. வேலை கிடைக்கட்டும், அப்புறம் இந்த வீட்டில் ஒரு நாளும் குரலை உயர்த்தப் போவதில்லை என்று வைராக்கியம் பிடித்தாள். உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டுமே, மகாராசர்.

இன்டர்வியூ நாளும் வந்தது. எக்ஸ்சேஞ்ச் மாடியில் ஒரு கூடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஸ்ரீரங்கத்து வீட்டில் பிறந்தவர்கள்போல மெல்லப் பேசினார்கள். சூப்பர்வைசர் மிஸஸ் பெரைரா, கவுனும் குதிகால் செருப்பும் போட்ட ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, காதில் மாட்டுகிற கருவியைக் கொடுத்துப் பேசச் சொன்னாள். வியாகுலத்தின் முறை வந்தது. பயந்துகொண்டே வாயைத் திறந்தாள்.

"நம்பர் ப்ளீஸ்."

அது யார் குரல் என்று அவளே சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு வாரம் ஓய்வெடுத்த தொண்டையிலிருந்து, பிறந்ததிலிருந்து வராத நடுக்குரல், சின்னதாக, இதமாக வந்திருந்தது. பாவசங்கீர்த்தனக் கூண்டில் பழகியதெல்லாம் வீண் போகவில்லை. வியாகுலத்துக்கு அங்கேயே முட்டி போட வேண்டும்போல இருந்தது.

"வெரி நைஸ்" என்றாள் மிஸஸ் பெரைரா, எல்லோரிடமும் சொன்ன அதே தொனியில். "எல்லாருக்கும் ஸ்வீட் வாய்ஸ்தான். அதை வச்சு நான் என்ன பண்றது? வாங்க, உள்ள வாங்க."

உள் கதவைத் திறந்ததும் வியாகுலம் ஓரடி பின்வாங்கினாள். சந்தை நடப்பதுபோல் சத்தம். உயரமான பலகைகளுக்கு முன்னால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். "ஹலோ கும்பகோணம்! கும்பகோணம்! கேக்குதா?" "புதுக்கோட்டை, லைனைக் கட் பண்ணாதீங்க!" இதுதான் டிரங்க் போர்டு, வெளியூர்க் கால்கள் போகிற இடம் என்றாள் மிஸஸ் பெரைரா. லோக்கல் போர்டில் ஆள் நிறைந்துவிட்டது. இங்கேதான் இடம் காலி. தெற்கே நல்ல மழை, மானாமதுரை லைன் காலையிலிருந்து தகராறு. ஒவ்வொருவராக உட்கார்ந்து, மறுமுனையில் இருப்பவரிடம் ஒரு நம்பரைச் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். அதுதான் பரீட்சை.

இனிமையான குரல்கள் ஒவ்வொன்றாகப் போய்த் தோற்றுத் திரும்பின. ஒரு பெண் அழுதேவிட்டாள். வியாகுலம் உட்கார்ந்தாள். காதில் மழை இரைவதுபோல் ஒரே இரைச்சல். புதிதாகக் கிடைத்த நடுக்குரலில், பொத்திப் பொத்தி, நம்பரைச் சொன்னாள்.

இரைச்சலுக்கு அப்பால் எங்கோ ஓர் ஆண் குரல் கேட்டது. "ஆங்?"

அவள் இன்னொரு தடவை சொன்னாள். "ஆங்? யாரு? யாராவது இருக்கீங்களா? ஒண்ணும் கேக்கலீங்களே…" அந்த மனிதர் திணறினார். முகம் தெரியாது. ஆனால் காதில் கையைக் குவித்து, கண்ணைச் சுருக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பார் என்று வியாகுலத்துக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தொண்டை கெட்டால் கெடட்டும், வைராக்கியம் போனால் போகட்டும். 'ஆங்?' என்று கேட்கிற ஒரு மனிதருக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. பழக்கம் அப்படி.

"மானாமதுரை!" என்றாள், அடிவயிற்றிலிருந்து.

கூடத்தில் கும்பகோணமும் புதுக்கோட்டையும் கப்பென்று நின்றன. ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. எல்லாப் பெண்களும் திரும்பிப் பார்க்க, வியாகுலம் நம்பரை ஒவ்வொரு இலக்கமாக மழைக்கு மேலே தூக்கிப் போட்டாள். மறுமுனை குழந்தைபோலத் திருப்பிச் சொன்னது. "அம்மா தாயே, இப்பத்தான் கேட்டுச்சு. காலைலேருந்து செத்துப் பொழைச்சேன். நீங்க தினமும் வருவீங்களா?" என்றது.

மிஸஸ் பெரைரா காதைத் தேய்த்துக்கொண்டு சிரித்தாள். "கேர்ள், அந்தச் சத்தத்துக்கு நமக்கு லைனே வேண்டாம்போல. உனக்குத்தான் இந்த வேலை. ஆர்டர் தபால்ல வரும்."

"மேடம், பின்னாடியாவது லோக்கல் போர்டுக்கு மாத்துவீங்களா? மெதுவாப் பேசுற வேலைக்குத்தான் நான்…"

"மெதுவாப் பேச ஊர் பூரா ஆள் இருக்கு. நீ வேணும் எனக்கு இங்க."

படி இறங்கும்போது வியாகுலத்துக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கத்தாமல் இருக்கத்தான் படித்தாள், இங்கிலீஷோடு மல்லுக்கட்டினாள், அத்தனை சனிக்கிழமை சாமியாரைப் படுத்தினாள். கடைசியில் கத்துவதற்குச் சர்க்கார் சம்பளம். பொன்மலை பஸ்ஸில் அவள் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துப் பக்கத்திலிருந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்தாள். ஆனால் காலனி வாசலில் இறங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா நின்றுகொண்டிருந்தார். பாதி நாள் லீவு போட்டிருப்பார்போல. கோபம் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்குள் போகும்வரை அவள் முகத்தைக் காட்டவில்லை. பிறகு அவருக்கு எதிரே நின்று, வேண்டுமென்றே, துளிச் சத்தமும் இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள். "வேலை கெடைச்சிருச்சு."

லூர்துவின் முகம் மலர்ந்தது. மேலே பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, "கொஞ்சம் சத்தமாச் சொல்லு பாப்பா" என்றார்.

"அதான் புரிஞ்சுதே. இன்னும் எதுக்குக் கத்தணும்? என்னைக் கத்த வச்சு ஊரையே சிரிக்க வச்சீங்களே, எதுக்குப்பா?" என்றாள், அப்போதும் உதட்டாலேயே.

அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். தன் சத்தம் தனக்குத் தெரியாததால் எப்போதும் குறைத்தே பேசுகிறவர். அன்று இன்னும் தாழ்ந்திருந்தது குரல். "வாயைப் பாத்தா சேதி வந்துரும்மா. குரல் வராது. உங்கம்மா போனப்ப எனக்கு ரெண்டு காதும் சுத்தமா அடைச்சுப்போச்சு. அவ குரல் எப்படி இருக்கும்னு நெனைச்சு நெனைச்சுப் பாப்பேன். கொஞ்ச நாள்ல அதுவும் மறந்துருச்சு. கோயில் மணி அடிக்கிறதக் கயிறு ஆடுறதப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவேன். அப்ப ஒரு நாள் நீ கொய்யா மரத்துல ஏறிட்டு, எறங்கத் தெரியாம கத்துன. நான் வீட்டுக்குள்ள வேட்டி மடிச்சுக்கிட்டு இருந்தேன். உன்னப் பாக்கவே இல்ல. ஆனா கேட்டுச்சு பாப்பா. எங்கேயோ தூரத்துல இருந்து வர்ற மாதிரி, ஆனா கேட்டுச்சு. வேற எந்தச் சத்தமும் எனக்குள்ள வரல, உன் சத்தம் ஒண்ணுதான் வந்துச்சு. அப்புறம் எனக்கு வாயைப் பாத்தாலே புரியும்னு நான் எப்படிம்மா சொல்லுவேன்? சொன்னா நீ மெதுவாப் பேச ஆரம்பிச்சுருவ."

வியாகுலம் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நீ பெரியவளானன்னிக்கு மட்டும் நிஜமாவே புரியலம்மா. நீ தலையைக் குனிஞ்சிருந்த. அன்னிக்கு நீ அழுததப் பாத்துட்டு, சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சுயநலக்காரன்மா நான். சொல்லல. இனிமே ஆபீசுல வேற மெதுவாப் பேசுற வேலை. தொண்டையப் பாத்துக்க. எனக்கு இது போதும், இத்தனை வருசம் கேட்டாச்சு."

வியாகுலத்துக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. பானிப்பட்டுச் சண்டையைக் கேட்க இந்த மனிதர் ஏன் தினமும் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார் என்று இப்போது தெரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே சிரிப்பும். டாக்டர் சொன்னது ஒரு கணம் நினைவுக்கு வந்தது. டாக்டர் கிடக்கிறார். அவள் நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அப்பா! எனக்கு வேலை கெடைச்சிருச்சு!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று சுவர் பதில் சொன்னது. "ஏ கனி, ஓடியா, வியாகுலத்துக்கு வேலையாம்! தொண்டையும் வந்துருச்சுடா!" எதிர் வரிசையில் யாரோ கை தட்டினார்கள். நாலு வீடு தள்ளி ஒரு குரல், சம்பளம் எவ்வளவு என்று கேட்டது.

லூர்து எதையும் கவனிக்கவில்லை. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறக்காமலே, "இன்னொரு தடவை சொல்லு" என்றார். அவள் சொன்னாள்.